பெக்கரி: பன்றி போல இருக்கும் பன்றி அல்லாத விலங்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெக்கரி என்பது அமெரிக்கக் காட்டுப்பன்றிதானே?

இல்லை. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தட்டையாக முடியும் மூக்கு, கழுத்தே இல்லாத மாதிரி உடம்பு, மெல்லிய கால்கள், விறைத்து நிற்கும் மயிர், எல்லாம் பன்றியை நினைவூட்டும். ஆனால் பன்றிகள் சூயிடே என்ற குடும்பம், பெக்கரிகள் தயாசூயிடே என்ற வேறு குடும்பம். இரண்டு வழிகளும் பிரிந்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பன்றிகள் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கத்துச் சொத்து. பெக்கரிகளின் வரலாறு பெரும்பாலும் வட அமெரிக்காவில் நடந்தது. பனாமா நிலப்பாலம் உருவானபோது, ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அவை தெற்கே இறங்கித் தென் அமெரிக்காவில் பரவின. வடக்கில் வாழ்ந்த பிளாட்டிகோனஸ், மைலோஹையஸ் போன்ற பெக்கரி வகைகள் கடைசிப் பனியுகம் முடிந்த சமயத்தில் அழிந்தன. இன்று அந்தக் கண்டங்களில் திரியும் உண்மையான காட்டுப்பன்றிகள் எல்லாம் ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுவந்தவற்றின் வாரிசுகள்தான்.

படத்தில் அல்லது நேரில் பார்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

வாயைப் பாருங்கள். பன்றியின் மேல் கோரைப்பல் வெளியே பிதுங்கி மேல்நோக்கி வளையும். பெக்கரியின் மேல் கோரைப்பல் நேராகக் கீழே இறங்கும். வாய் மூடியிருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருப்பதால் இரண்டும் தாமாகவே தீட்டப்பட்டுவிடும். இந்தப் பிணைப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. கல் போன்ற பனங்கொட்டையை உடைக்கும்போது தாடை பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது வால். பன்றிக்கு வால் தெளிவாகத் தெரியும், பெக்கரிக்கு வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். குட்டியாக இருந்தால் இன்னும் எளிது. காட்டுப்பன்றிக் குட்டிக்கு உடம்பெல்லாம் நீளக்கோடு இருக்கும், கழுத்துப்பட்டை பெக்கரியின் குட்டி அப்படிக் கோடு கோடாக இல்லாமல் செம்பழுப்பாக இருக்கும். எலும்பும் குடலும் பார்க்கிறவர்களுக்கு இன்னும் பட்டியல் இருக்கிறது. பெக்கரிக்கு 38 பற்கள், காட்டுப்பன்றிக்கு 44. பெக்கரிக்குப் பித்தப்பை கிடையாது. வயிறு பல அறைகள் கொண்டது, ஆனால் அது அசை போடாது.

எத்தனை இனங்கள்?

உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று.

கழுத்துப்பட்டை பெக்கரிதான் சிறியது. பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ. தோளைச் சுற்றி வெளிறிய பட்டை ஓடும். அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் மாநிலங்களிலிருந்து வடக்கு அர்ஜென்டினா வரை பாலைவனம், புதர்க்காடு, மழைக்காடு என்று எங்கு வேண்டுமானாலும் சமாளிக்கும். அரிசோனாவில் ஹவெலினா என்கிறார்கள்.

வெள்ளுதட்டுப் பெக்கரி 25 முதல் 40 கிலோ வரை. தாடையும் கன்னமும் வெள்ளையாக இருக்கும். தெற்கு மெக்சிகோவிலிருந்து வடக்கு அர்ஜென்டினா வரை, முக்கியமாகப் பெரிய காடுகளில் வாழ்கிறது.

மூன்றாவது சாக்கோ பெக்கரி. பராகுவே, பொலிவியா, அர்ஜென்டினா மூன்றும் சந்திக்கும் கிரான் சாக்கோ என்ற வறண்ட முள்காட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஊர்க்காரர்கள் தாகுவா என்கிறார்கள். நீண்ட மூஞ்சி, பெரிய காது, காதிலும் காலிலும் அடர்ந்த மயிர்.

2007-இல் மார்க் வான் ரூஸ்மாலன் என்ற உயிரியலாளரும் சிலரும் பிரேசில் அமேசானிலிருந்து 'ராட்சதப் பெக்கரி' என்று நான்காவது இனத்தை அறிவித்தார்கள். அது கழுத்துப்பட்டை பெக்கரியின் ஒரு வடிவமே என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. எனக்கும் அந்த வாதமே வலுவாகப் படுகிறது. மற்ற மூன்றுக்கும் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு வேறு: கழுத்துப்பட்டைக்கு 30, வெள்ளுதட்டுக்கு 26, சாக்கோவுக்கு 20. அந்த அளவுக்கு எடுத்துக்காட்டக்கூடிய வேறுபாடு நான்காவதற்கு இல்லை.

சாக்கோ பெக்கரியை முதலில் புதைபடிவமாகத்தான் கண்டுபிடித்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். 1930-இல் அர்ஜென்டினாவின் கார்லோஸ் ருஸ்கோனி எலும்புகளை வைத்து இதை விவரித்தார். பனியுகத்தோடு போய்விட்ட விலங்கு என்றே நாற்பது ஆண்டுகள் அறிவியல் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் வெட்செல் தலைமையிலான குழு பராகுவே சாக்கோவில் பாலூட்டிகளைக் கணக்கெடுக்கப் போனது. உள்ளூர் வேட்டைக்காரர்கள் மூன்று வகைப் பெக்கரி என்று பேசினார்கள். குழு தேடிப் பார்த்தது, மூன்றாவது கிடைத்தது. 1975-இல் உலகத்துக்குச் செய்தி சொன்னார்கள்.

'கண்டுபிடிப்பு' என்று நாம் சொல்கிறோம். சாக்கோ மக்கள் அதை எப்போதும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏன் அப்படி நாறுகிறது?

முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், ஒரு சுரப்பி இருக்கிறது. எண்ணெய் போன்ற கசிவு, கடுமையான வாடை. காற்று சாதகமாக இருந்தால் விலங்கைப் பார்ப்பதற்கு முன்பே மனித மூக்குக்கே எட்டிவிடும்.

அது அழுக்கு நாற்றம் அல்ல, குடும்ப அடையாளம். இரண்டு பெக்கரிகள் பக்கத்தில் வந்து, ஒன்றின் தலை மற்றதன் பின்புறம் இருக்குமாறு எதிரும் புதிருமாக நிற்கும். கன்னத்தை மற்றதன் சுரப்பியில் வைத்து மேலும் கீழும் தேய்க்கும். இரண்டும் ஒரே நேரத்தில் தேய்க்கும், சில விநாடிகள், பிறகு ஒன்றும் நடக்காதது போல மேயப் போய்விடும். நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் இது நடந்துகொண்டே இருப்பதால் கூட்டம் முழுவதற்கும் ஒரே கலவை வாடை வந்துவிடுகிறது. மரத்திலும் பாறையிலும் தேய்த்து எல்லையும் குறிக்கும். பெக்கரிக்குக் கண் பார்வை மோசம். புதருக்குள் இருப்பது நம்மாளா வேற்றாளா என்று முடிவு செய்வது மூக்குதான்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெக்கரியைப் பொறுத்தவரை தனி விலங்கு என்பது பாதி விலங்குதான். அதன் பலம், அதன் பலவீனம், அதை அழிக்கும் வழி, காப்பாற்றும் வழி எல்லாமே கூட்டத்தில்தான் இருக்கிறது. கீழே வரும் பல பதில்கள் இதற்கே திரும்பி வரும்.

கூட்டம் எவ்வளவு பெரியது? தலைவன் உண்டா?

இனத்துக்கு இனம் மிகவும் மாறும். சாக்கோ பெக்கரி நாலைந்தாகத் திரியும், பத்துக்கு மேல் அரிது. கழுத்துப்பட்டை பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து, சில இடங்களில் ஐம்பது வரை. வெள்ளுதட்டு வேறு கணக்கு. ஐம்பதில் தொடங்கி முந்நூறு வரை, சில நேரம் அதற்கும் மேல். முந்நூறு விலங்குகள் ஒன்றாகக் காட்டைக் கிளறிக்கொண்டு வரும்போது பல் இடிக்கும் சத்தமும் உறுமலும் வெகு தூரம் கேட்கும்.

ஆணும் பெண்ணும் ஒரே அளவு, தூரத்திலிருந்து பிரித்தறிவது கடினம். தலைவன் ஒருவன் முன்னால் போக மற்றவை பின்னால் போகும் ஏற்பாடு இங்கே இல்லை. மேயும் பரப்பு கழுத்துப்பட்டைக் கூட்டத்துக்குச் சில சதுர கிலோமீட்டர் போதும், வெள்ளுதட்டுக் கூட்டத்துக்கு நூறு சதுர கிலோமீட்டருக்கு மேலும் தேவைப்படலாம்.

என்ன தின்னும்?

முக்கியமாகத் தாவரம்: கிழங்கு, வேர், பழம், விதை, கொட்டை. புழு, பூச்சி, சின்னப் பிராணி அகப்பட்டால் விடாது.

அரிசோனாப் பாலைவனத்தில் சப்பாத்திக்கள்ளிதான் உயிர்நாடி. மடலைக் காலால் அமுக்கிப் பிடித்து, பல்லால் நார் நாராகக் கிழித்து, முள்ளோடு தின்னும். சாப்பாடும் அதுதான், தண்ணீரும் அதுதான். சாக்கோ பெக்கரிக்கும் கள்ளிதான் முதன்மை உணவு, ஆனால் அது இன்னும் நிதானக்காரன். கள்ளித் துண்டை மூக்கால் தரையில் உருட்டி உருட்டி முள்ளைத் தேய்த்து எடுக்கும். மீதி முள்ளைப் பல்லால் பிடுங்கித் துப்பிவிட்டு அப்புறம்தான் தின்னும். கள்ளியில் கிடைக்காத தாது உப்புக்காக உவர்மண் உள்ள இடங்களுக்குத் தவறாமல் போய் மண்ணையும் நக்கும்.

மழைக்காட்டில் வெள்ளுதட்டின் சிறப்புத் தீனி பனை வகைக் கொட்டைகள். மற்ற விலங்குகள் உடைக்க முடியாமல் விட்டுப்போகும் கொட்டைகளை இது நொறுக்கிவிடும்.

குட்டி எத்தனை போடும்?

பொதுவாக இரண்டு. பன்றிக்கு 114 நாள் சினைக்காலம், கழுத்துப்பட்டை பெக்கரிக்கு 145 நாள் அளவு, வெள்ளுதட்டுக்கு இன்னும் சற்று அதிகம். தாய் குட்டி போடும்போது மட்டும் கூட்டத்தை விட்டு ஒதுங்கும், ஓரிரு நாளில் குட்டிகளோடு திரும்பிவிடும். பிறந்த சில மணி நேரத்தில் குட்டி நடக்கும். தாய் நின்றுகொண்டே பால் கொடுக்கும், குட்டிகள் பின்னங்கால்களுக்கு இடையில் தலையை விட்டுக் குடிக்கும். கூட்டத்தின் மற்ற பெண்களும் அந்தக் குட்டிக்குப் பால் கொடுப்பது உண்டு.

மனிதனைத் தாக்குமா?

தானாக வந்து தாக்குவது அபூர்வம். கழுத்துப்பட்டைக் கூட்டத்தைத் திடீரென்று அதிரவைத்தால் நாலாபக்கமும் சிதறி ஓடும். கண் சரியாகத் தெரியாததால் அதில் ஒன்று உங்களை நோக்கியே ஓடிவரலாம். 'பாய்ந்து வந்தது' என்று சொல்லப்படும் கதைகளில் பல இந்த வகை. உண்மையான கடிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு காரணங்களைப் பார்க்கலாம்: யாரோ தீனி போட்டுப் பழக்கியிருப்பார்கள், அல்லது நாய் ஒன்று நடுவில் இருக்கும். பெக்கரிக்கு நாய் என்றால் கொயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கின் உறவு, குட்டிகளைத் தூக்கிப்போகும் எதிரி. நாயை விரட்டத் தொடங்கினால் கயிற்றின் மறுமுனையில் இருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

பல்லை டக் டக் என்று இடித்தால் அது எச்சரிக்கை. முதுகு மயிர் சிலிர்த்திருந்தால் இன்னும் தெளிவான எச்சரிக்கை. அது தப்பிப் போகும் வழியை மறிக்காமல், சத்தம் கொடுத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். வெள்ளுதட்டுக் கூட்டம் மட்டும் கொஞ்சம் வேறு. அது ஓடுவதற்குப் பதில் நின்று முகம் கொடுக்கவும் செய்யும். அமேசானில் ஆள்கள் மரத்தில் ஏறிக் காத்திருந்த கதைகள் நிறைய. அவற்றில் பாதியைக் குறைத்துக்கொண்டு நம்பலாம், ஆனால் மரம் பக்கத்தில் இருப்பது நல்லதுதான்.

வீட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட்டால்?

அரிசோனாவில் இது அன்றாடப் பிரச்சினை. நகரம் பாலைவனத்துக்குள் விரிந்துகொண்டே போகிறது, நீர் பாய்ச்சிய தோட்டம் பெக்கரிக்கு விருந்து. 2023-இல் செடோனாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் புல்தரையைப் புழு தேடிக் கிளறிப் போட்ட காட்சி உலகம் முழுக்கப் பரவியது. கேலியும் கோபமும் சரிபாதி வந்தன. வறண்ட நிலத்தின் நடுவே ஈரமான மண்ணைப் பரப்பி வைத்தால் வேறு என்ன நடக்கும்?

தீனி போடாதீர்கள், பறவைக்கு வைக்கும் தானியம் உட்பட. உதிர்ந்த பழத்தைப் பொறுக்குங்கள், குப்பைத் தொட்டியை மூடி வையுங்கள். வீட்டின் அடிப்புறத்தில் இடைவெளி இருந்தால் அடைத்துவிடுங்கள், வெயிலுக்கு அதற்குள் படுத்துக்கொள்ளும், ஆனால் அடைப்பதற்கு முன் உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்வான வேலி போதும், அவை பெரிதாகத் தாவாது.

செத்த துணைக்காகத் துக்கப்படுமா?

'துக்கம்' என்ற வார்த்தையை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன். 2017 தொடக்கத்தில் அரிசோனாவின் பிரெஸ்காட்டில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் வீட்டருகே ஒரு கழுத்துப்பட்டை பெக்கரி இறந்து கிடந்தது. பள்ளி அறிவியல் திட்டத்துக்காக அவன் அந்த உடலுக்குப் பக்கத்தில் அசைவைக் கண்டால் படமெடுக்கும் கேமரா ஒன்றை வைத்தான். கூட்டத்தின் மற்ற பெக்கரிகள் பத்து நாள்வரை அங்கே திரும்பத் திரும்ப வந்தன. மோந்தன, மூக்கால் முட்டின, உடலுக்கு அடியில் மூக்கைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தப் பார்த்தன. ஒட்டிப் படுத்துத் தூங்கின. கொயோட்டிகள் வந்தபோது விரட்டின. ஆய்வாளர் ஒருவர் அந்தக் காணொளிகளைப் பார்த்துச் சிறுவனோடு சேர்ந்து ஆய்விதழில் வெளியிட்டார். யானை, திமிங்கிலம், குரங்கு என்று இருந்த பட்டியலில் இப்படித்தான் பெக்கரி சேர்ந்தது.

இந்தக் குணத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. துப்பாக்கி வந்த பிறகு, விழுந்த துணையை விட்டு ஓடாத விலங்குக்கு என்ன ஆகும்? சாக்கோ பெக்கரிகளில் ஒன்று அடிபட்டாலும் மற்றவை சுற்றி நிற்கும் அல்லது திரும்பி வரும், வேட்டைக்காரர் கூட்டத்தையே முடித்துவிட்டுப் போகலாம். வெள்ளுதட்டுக் கூட்டமும் நின்று எதிர்ப்பதால் ஒரே நாளில் டஜன் கணக்கில் சாகும். ஜாகுவார், பூமா என்ற பெரும்பூனைகளுக்கு எதிராகப் பல்லாயிரம் ஆண்டுகள் கைகொடுத்த உத்தி தோட்டாவுக்கு எதிராகச் செல்லவில்லை.

காட்டுக்கு இவற்றால் என்ன பயன்?

நிறைய. பெருவின் மானு தேசியப் பூங்காவில் கோச்சா கஷு என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே 1978 வாக்கில் வெள்ளுதட்டுப் பெக்கரிகள் காணாமல் போயின. 1990 வாக்கில் திரும்பின. அந்த 12 ஆண்டுகளில் ஆஸ்ட்ரோகேரியம் என்ற பனை வகையின் கன்றுகள் 1.7 மடங்கு பெருகின. பெக்கரிகள் வந்து விதைகளைத் தின்னத் தொடங்கிய பிறகு மறுபடி பழைய அளவுக்குக் குறைந்தன. ஒரு மரம் காட்டை ஆக்கிரமிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை யாரும் கேட்காமலே செய்துகொண்டிருந்திருக்கின்றன.

சேற்றில் புரள்வதும் வீண் விளையாட்டு அல்ல. அவை புரண்டு புரண்டு ஏற்படுத்தும் குழிகள் தண்ணீரைத் தேக்கும். பெருவில் நடந்த ஆய்வில், இயற்கையான குட்டைகளைவிட இந்தப் பெக்கரிக் குழிகளில் தவளை வகைகள் அதிகமாக இருந்தன. அப்புறம் ஜாகுவார். பல காடுகளில் அதன் முக்கிய இரை பெக்கரிதான்.

கூட்டம் கூட்டமாகக் காணாமல் போகும் என்றீர்களே, எங்கே போகின்றன?

இதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். வெள்ளுதட்டுப் பெக்கரி ஒரு பெரிய பரப்பிலிருந்தே மறைந்து, பல ஆண்டுகள் கழித்துத் தோன்றுவது மானுவில் மட்டும் நடந்ததில்லை, பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. நெடுங்காலப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், எண்ணிக்கை 20 முதல் 30 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குவதாகச் சொல்கிறார்கள். இவ்வளவு நெருக்கமாக வாழும் விலங்குக்குள் நோய் புகுந்தால் வேகமாகப் பரவும் என்பதால் நோயையே பலரும் முதல் சந்தேகமாக வைக்கிறார்கள்.

காட்டைக் காப்பவர்களுக்கு இதில் இரண்டு பாடம். ஐந்து ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து 'பெருகுகிறது' என்றோ 'அழிகிறது' என்றோ சொல்லிவிட முடியாது. அதோடு, இறங்கிய எண்ணிக்கை மீண்டும் ஏற வேண்டுமானால் பக்கத்துக் காட்டிலிருந்து கூட்டம் வர வழி இருக்க வேண்டும். துண்டாடப்பட்ட காட்டில் போனது போனதுதான்.

தோலுக்காகவும் கொன்றார்களா?

கொன்றார்கள், பெரிய அளவில். பெக்கரித் தோல் மென்மையானது, உறுதியானது. மயிர்க்கால்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்திருப்பதால் பதப்படுத்திய தோலில் மூன்று புள்ளிக் கொத்துகள் தெரியும். விலை உயர்ந்த கையுறைக்காரர்கள் அந்தப் புள்ளியைத்தான் தேடுவார்கள். 1946 முதல் 1966 வரை பெருவின் இக்கிடோஸ் நகரிலிருந்து மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கழுத்துப்பட்டைத் தோல்களும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளுதட்டுத் தோல்களும் ஏற்றுமதியாயின.

1973-இல் பெரு அமேசானில் வணிக வேட்டைக்குத் தடை போட்டது. கிராம மக்கள் கறிக்காக வேட்டையாடுவது மட்டும் அனுமதி, அதில் மிஞ்சும் தோலை வரம்புக்கு உட்பட்டு விற்கலாம். அளவோடு வேட்டையாடும் கிராமங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துத் தோலுக்குக் கூடுதல் விலை கிடைக்கச் செய்யும் முயற்சியும் அங்கே நடந்தது. தடையைவிட இந்த வழியே எனக்குப் பிடிக்கிறது. அமேசான் கிராமத்தில் பெக்கரி என்பது முக்கியமான இறைச்சி. அதை வைத்திருப்பதில் லாபம் இருக்கிறது என்று தெரிந்தால் கிராமமே காவல் காக்கும்.

இப்போது எந்த இனம் ஆபத்தில் இருக்கிறது?

ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் செம்பட்டியலின்படி கழுத்துப்பட்டைக்குக் கவலை இல்லை. வெள்ளுதட்டு 'பாதிப்புக்குள்ளாகக்கூடியது'. சாக்கோ பெக்கரி 'அருகிவரும்' இனம். வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் சாக்கோ பெக்கரி முதல் பட்டியலில் இருப்பதால் பன்னாட்டு வணிகம் அறவே கூடாது. மற்ற இரண்டும் இரண்டாம் பட்டியலில் உள்ளன, அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் உள்ள கழுத்துப்பட்டைக்கு மட்டும் விலக்கு.

வெள்ளுதட்டின் நிலை அந்த ஒற்றைச் சொல் காட்டுவதைவிட மோசம். தெற்கு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சேர்ந்த பகுதியில் முன்பு வாழ்ந்த பரப்பில் 87 சதவீதத்தை இழந்துவிட்டது. சிறு காட்டுத் துண்டில் பத்துப் பதினைந்து கழுத்துப்பட்டைகள் பிழைத்துக்கொள்ளும், நூறு வெள்ளுதட்டுகளுக்கு அந்த இடம் போதாது. சாலை வந்தால் வேட்டைக்காரர் வருவார், சத்தம் போட்டுக்கொண்டு திரியும் கூட்டத்தைக் கண்டுபிடிக்க அவருக்குச் சிரமமே இல்லை.

சாக்கோ பெக்கரிக்கு முதல் எதிரி புல்டோசர். மாட்டுப் பண்ணைக்கும் சோயாவுக்கும் கிரான் சாக்கோவை வெட்டும் வேகம் உலகிலேயே அதிகமான காடழிப்பு வேகங்களில் ஒன்று. பராகுவேயின் ஃபோர்ட்டின் தொலேதோவில் 1985 முதல் தாகுவாவை இனப்பெருக்கம் செய்யும் மையம் இயங்குகிறது, அதைத் தொடங்க சான் டியேகோ விலங்குக் காட்சிசாலை துணைநின்றது. நல்ல முயற்சிதான். ஆனால் கூண்டில் பெருக்கிய விலங்கை விட முள்காடு மிச்சம் இருந்தால்தான் அந்த உழைப்பு பலிக்கும்.

அனாதையாக ஒரு குட்டி கிடைத்தால் வளர்க்கலாமா?

வேண்டாம். முதலில் குட்டி பாசமாகத்தான் இருக்கும். வளர்க்கும் குடும்பத்தையே கூட்டமாக எடுத்துக்கொள்ளும், அங்கேதான் சிக்கல். வளர்ந்த பிறகு வீட்டுக்கு வரும் விருந்தாளி, பக்கத்து வீட்டுக் குழந்தை எல்லோரும் வேற்றுக் கூட்டம், கடிக்கும். காட்டில் கொண்டுபோய் விட்டால் அங்கிருக்கும் கூட்டம் வேறு வாடையோடு வரும் இதைச் சேர்த்துக்கொள்ளாது. பல இடங்களில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது சட்டப்படியும் குற்றம்.

தனியாக நிற்கும் குட்டி பெரும்பாலும் அனாதை அல்ல. நாயோ வண்டியோ விரட்டியதில் கூட்டம் சிதறியிருக்கும். நாயைக் கட்டிவிட்டு, நீங்களும் விலகிப் போங்கள், இருட்டும்வரை காத்திருந்தால் பல நேரம் தேடி வந்துவிடும். மறுநாளும் அங்கேயே நின்றால் அந்தப் பகுதி வனவிலங்குத் துறையை அழையுங்கள், வெறும் கையால் தூக்காதீர்கள்.